இரண்டும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு

எனக்கு மறதி கிடையாது என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தவள் நான். மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார். பல்லேகலப் பக்கம் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டாம் அலுமாரியில், மேல் தட்டில், பின்வரிசையில் நிற்கிற போத்தலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், கதிரையை விட்டு எழும்பாமல் பதில் சொல்வேன். புதிதாக வருகிற பிள்ளைகள் எதையாவது தேடித் தடுமாறினால் "அக்காவைக் கேளுங்க" என்பதுதான் அங்கே சட்டம். அவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன், சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெருமைக்கு ஒரு நவராத்திரி வெள்ளிக்கிழமையில் நல்ல அடி விழுந்தது. இப்போது நினைத்தால் வயிறு குலுங்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது சிரிப்பு இல்லை.

என் வேலை ஒரு மெஷினைப் பார்த்துக்கொள்வது. திணிவு நிறமாலைமானி என்று அதற்குப் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வேலைக்கு நான் ஏறுகிற திகன பஸ் போய்விடும் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அது வெறும் மெஷின். ஒரு பொருளைக் கரைத்து உள்ளே விட்டால், மெஷின் அதன் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து அயன்களாக்கிப் பறக்கவிடும். ஒவ்வொரு அயனும் எவ்வளவு நிறை என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். தோட்டங்களிலிருந்து வருகிற தேயிலையில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் அன்றாடப் பிழைப்பு.

அந்த மெஷினில் ஒரு வோல்டேஜ் இருக்கிறது. அதைக் கூட்டினால் அயன்கள் வேகமாக மோதி உடைந்து துண்டு துண்டாகிவிடும். நான் கூட்ட விடமாட்டேன். பதினொரு வருஷமாக என் கையில் அயன்கள் முழுசாகத்தான் பறந்திருக்கின்றன. உடைந்தால் திரை முழுக்கத் தேவையில்லாத கோடுகள். போதாததற்கு மெஷினின் வாயில் கரி பிடிக்கும், அதைக் கழற்றிக் கழுவ வேண்டியவளும் நான்தான். யாராவது ஆசைப்பட்டு அந்த எண்ணில் கை வைத்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "அக்காட மெஷின் சின்னப் புள்ள மாதிரி, அதட்டக் கூடாது" என்று என்னைக் கிண்டல் செய்தவள் ஒருத்திதான்.

அவள் அக்குறணைக்காரி. ஆய்வுப் பட்டத்துக்காக மூன்று வருஷமாக எங்களிடம் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் வருகிற பஸ் கட்டுகஸ்தோட்டை தாண்டி எங்கள் மஹய்யாவை வழியாகத்தான் கண்டிக்குப் போகும். பக்கத்து சீட்டில் தன் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். கண்டக்டர் சத்தம் போடுவார். "வயசானவங்க ஒராள் வாராங்க, நிக்க ஏலாது" என்று அவரிடம் சொல்வாள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஏறியவுடன் அவள் கையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுத்தான் உட்காருவேன்.

அவள் வேலை என்னவென்று அந்த பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. புசல்லாவையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் கழிவுத்தூள் கொட்டுகிற இடத்து மண்ணில் ஒரு பக்டீரியா கிடைத்திருந்தது. அது கஃபீனைத் தின்று வாழ்கிறது. கஃபீன் மூலக்கூறில் மூன்று இடங்களில் மெதைல் கூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றாம் இடம், மூன்றாம் இடம், ஏழாம் இடம் என்று அவற்றைச் சொல்வார்கள். இந்தப் பக்டீரியா எந்த இடத்து மெதைலை முதலில் கடிக்கிறது? அதுதான் அவளுடைய கேள்வி. மூன்று வருஷமும் அதற்குத்தான் போயிருந்தது.

அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு விசேஷ கஃபீன் வந்திருந்தது. ஒன்றில் ஒன்றாம் இடத்து மெதைலில் மட்டும் சாதாரண ஐதரசனுக்குப் பதிலாகப் பார ஐதரசன். மற்றதில் அதே பார ஐதரசன் ஏழாம் இடத்தில். சமதானிச் சமபகுதியங்கள் என்று எங்கள் ஆய்வுகூடத் தலைவர், நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், சொல்வார். அணுக்களெல்லாம் அதே அணுக்கள், எண்ணிக்கையும் அதே எண்ணிக்கை, பாரமானது இருக்கிற இடம் மட்டும் வேறு.

"அப்ப மெஷின்ல போட்டா வித்தியாசம் தெரியும்ல?" என்று கேட்டேன்.

"தெரியாதே அக்கா. த்ரீவீலர்ல பின்னால மூணு பேர் போறாங்க. அதுல ஒராள் குண்டு. குண்டு ஆள் இந்தக் கரையில இருந்தாலும் அந்தக் கரையில இருந்தாலும் த்ரீவீலர்ட பாரம் ஒண்டுதானே?"

"குண்டு ஆள்னு என்னத்தான சொல்ற?"

"நான் பேரே சொல்லல்லயே!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அதுதான் விஷயம். இரண்டு கஃபீனும் மெஷினில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றே காட்டும். எது எது என்று தெரிவதற்குப் போத்தலில் இருக்கும் எழுத்து மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து ஒரு ஆய்வுகூடம் இனாமாக அனுப்பியது அது. சுங்கத்தில் கிடந்து, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கைக்கு வர ஏழு மாதம். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைதான். வந்த கண்ணாடிக் குமிழ்களை உடைத்து, இரண்டு சின்னக் குப்பிகளில் மாற்றி, நீல மார்க்கரால் குப்பியின் மேலேயே 1 என்றும் 7 என்றும் எழுதி வைத்திருந்தாள். உடைந்த குமிழ்கள் கண்ணாடிக் குப்பையோடு போய்விட்டன. கடைசிப் பரிசோதனை திங்கட்கிழமை தொடங்க வேண்டும். மாத முடிவில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். ஒரு தடவை தவணை கேட்டு வாங்கியாயிற்று, இன்னொரு தடவை கிடைக்காது. இந்தப் பரிசோதனை பிழைத்தால் மூன்று வருஷமும் பட்டமும் போச்சு.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வருஷா வருஷம் நவராத்திரியில் ஒரு நாள் எங்கள் ஆய்வுகூடத்தில் நான் ஆயுத பூசை செய்வேன். எங்கள் அப்பா மாநகரசபையில் வேலை செய்த காலத்தில் அங்கேயிருந்த தொழிலாளிகள் தங்கள் சாமான்களுக்குச் செய்ததைப் பார்த்து வந்த பழக்கம். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், கடவுள் விஷயத்தில் பட்டும் படாமலும் இருப்பவர். "மெஷினுக்குப் பொட்டு வையுங்கோ, திரைக்கு மேல மட்டும் வையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். மத்தியானம் மெஷினை நிறுத்துவேன். எல்லாம் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சின்னச் செவ்வந்தி மாலை போட்டு, சுண்டலும் அவலும் படைப்பேன். அதற்குப் பிறகு திங்கள் காலை வரை மெஷினைத் தொடக் கூடாது. அதற்கும் ஓய்வு வேண்டாமா?

படைப்பதற்கு முன்னால் அவளுக்கென்று ஒரு பங்கை வேறு டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன். படைத்ததை அவள் சாப்பிடமாட்டாள். அது அவள் மார்க்கம். படைக்காத சுண்டலை ஒரு கை பார்ப்பாள். அன்றைக்கும் டப்பாவைக் காலி செய்து, "உப்புக் கொஞ்சம் கூட" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு, ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வாப்பாவோடு கண்டிக் கடைகளுக்குப் போக வேண்டும் என்று நேரத்தோடே கிளம்பிப் போனாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மெஷின் துடைத்தாகிவிட்டது, மேசை துடைத்தாகிவிட்டது. கை சும்மா இருக்குமா? பிரிட்ஜையும் துடைத்தால் என்ன என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் தட்டோடு தூக்கி மேசையில் வைத்தேன். பிரிட்ஜைத் துடைத்தேன். பிறகு மேசைக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வொரு குப்பியாகப் பளபளவென்று துடைத்தேன். வாயில் ஏதோ பாட்டு. எல்லாவற்றிலும் ஒரு சொட்டுச் சந்தனம். நிமிர்ந்து துணியைப் பார்க்கிறேன், நீலம் நீலமாக இருக்கிறது.

அடிப்பாவி!

ஸ்பிரிட்டுக்கு மார்க்கர் நிற்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். என் முன்னால் இரண்டு குப்பிகள், இரண்டிலும் சந்தனப் பொட்டு, இரண்டிலும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள், எழுத்து இல்லை. வெளியே சேர் போனில் யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது.

மெஷினில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மாலை போட்டு நிறுத்தியாகிவிட்டது. அப்படியே தொட்டாலும் என்ன சொல்லும்? இதுவும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, அதுவும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அப்போது என் பெருமை வந்து காதுக்குள் பேசியது. உனக்கா மறக்கும்? இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஏழு, எத்தனை நாள் பார்த்திருக்கிறாய். உண்மையிலேயே எனக்கு அது கண்ணில் தெரிந்தது. நீல மார்க்கரை எடுத்தேன். இடப்பக்கக் குப்பியில் 1 என்று எழுதினேன். வலப்பக்கக் குப்பியில், ஏழுக்கு நடுவில் அவள் ஒரு சின்னக் கோடு போடுவாள், அந்தக் கோட்டையும் போட்டு 7 என்று எழுதினேன். அவள் கையெழுத்தை அப்படியே பார்த்து எழுதினேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிரிட்ஜை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனது. மறக்காத ஆளுக்கு என்ன பயம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வடைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும். எங்கள் வீட்டில் உளுந்தும் பச்சரிசியும் ஒரே மாதிரி இரண்டு பால்மா டின்களில் இருக்கும்.

"இடப்பக்கத்து டின்ன எடுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் எடுத்து வந்து மூடியைத் திறந்தார். "இது அரிசி."

"வலப்பக்கத்த எடுத்திருப்பீங்க. சொல்றத ஒழுங்கா காதுல வாங்குறதில்ல."

"இடப்பக்கத்ததான் எடுத்தேன்."

"எனக்குத் தெரியாதா, பதினெட்டு வருஷமா உளுந்து இடப்பக்கம்தான்!"

அவர் என் கையைப் பிடித்து அலுமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வலப்பக்கத்து டின்னைத் திறந்து காட்டினார். உளுந்து. "பூசைக்குன்னு நீதான வியாழக்கெழம எல்லா டின்னையும் எறக்கித் தொடச்ச? ஏத்தும்போது மாத்தி வச்சிருப்ப. அதுக்கு என்னா இப்ப, குடி முழுகிப் போச்சா?"

எனக்குக் குடிதான் முழுகிப்போன மாதிரி இருந்தது. அரைப் படி உளுந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என்ன ஆச்சு என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "அந்தப் புள்ளகிட்ட சொல்லணுமில்ல" என்றார், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று நான் சொன்னேன். "உனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவர் உளுந்தை வாங்கி ஊறப்போட்டார். அந்த வடையை நான் தொடவே இல்லை, அதிலிருந்து என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

திங்கள் காலை பஸ் வந்தது. பை சீட்டில் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவளைக் கிள்ளவில்லை.

"என்ன அக்கா, மொகம் ஒரு மாதிரி ஈக்குது? ஊட்ல சண்டையா?"

"சண்டதான். உளுந்து டின்னால."

அவள் கலகலவென்று சிரித்தாள். அன்றைக்கு அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். பக்டீரியா நன்றாக வளர்ந்திருக்கிறதாம், பத்து மணிக்கெல்லாம் கஃபீனை ஊற்றிவிடலாமாம், உம்மா காலையிலேயே தொழுது துஆ கேட்டாங்களாம். அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். துணியை, நீலத்தை, மார்க்கரை, ஏழுக்கு நடுவில் போட்ட கோட்டைக்கூட விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முன் சீட்டில் யாரோ கீறி வைத்திருந்த பூவையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டி வந்து இறங்கினோம், திகன பஸ்ஸில் ஏறினோம், அப்போதும் பேசவில்லை. என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நானாக இருந்தால் பஸ்ஸையே இரண்டாக்கியிருப்பேன். குண்டசாலை கழிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூடியத் தொறந்தீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா மூடியத் தொடவே இல்ல."

"அப்ப சாமான் கலக்கல்ல" என்றாள்.

சேரின் அறைக்கு நான்தான் முதலில் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் எழுதினது சரியாத்தான் இருக்கும் எண்டு நானும் நினைப்பன். பதினொரு வருஷத்தில உங்களுக்கு ஒண்டும் பிழைச்சதில்லை. ஆனா மெஷின் இருக்கேக்க ஏன் நம்பிக்கொண்டு இருக்கவேணும்?"

"மெஷின் ரெண்டையும் ஒண்ணுன்னுதான சேர் சொல்லும்?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் நின்றவள் சொன்னாள். "முழுசாப் பறக்க விட்டா ஒண்டுதான் அக்கா. ஒடச்சா?"

பதினொரு வருஷம் அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியவள் நான், எனக்கு அது தோன்றவில்லை. உடையாமல் பறக்கவிடுவதே என் வீரம் என்று இருந்தவளுக்கு எப்படித் தோன்றும்? கஃபீன் அயன் உடைகிறபோது எப்போதும் ஒரே மாதிரித்தான் உடையும். ஒன்றாம் இடத்து மெதைல், தன்னை ஒட்டிய நைதரசனையும் பக்கத்துக் காபன், ஒட்சிசனையும் கூட்டிக்கொண்டு முதலில் கழன்று போகும். ஏழாம் இடத்து மெதைல் மிச்சத் துண்டோடு தங்கிவிடும். த்ரீவீலரில் இந்தக் கரையில் இருப்பவர்தான் எப்போதும் விழுவார் என்றால், விழுந்த பிறகு மிச்ச பாரத்தைப் பார்த்தால் போதும், குண்டு ஆள் எந்தக் கரையில் இருந்தார் என்று தெரிந்துவிடும்.

"ஒடைங்கோ பிள்ளை" என்றார் சேர்.

மெஷினைக் கும்பிட்டு, வாடிய மாலையை எடுத்து வைத்துவிட்டு ஓட்டினேன். முதலில் சாதாரண கஃபீன். நூற்றுத் தொண்ணூற்றைந்தில் கோடு. பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக நானே வோல்டேஜைக் கூட்டினேன். கோடு சரிந்தது, நூற்று முப்பத்தெட்டில் புதிதாக ஒன்று எழுந்து நின்றது. அதாவது ஐம்பத்தேழு கழன்று போயிருக்கிறது. அளவுகோல் சரி.

அடுத்து, நான் 1 என்று எழுதிய குப்பி. ஊசி முனையளவு தூள் போதும். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. என் கணக்குச் சரியானால், பாரமான மெதைல் கழன்று விழ வேண்டும், மிச்சம் சாதாரண கஃபீனைப் போலவே நூற்று முப்பத்தெட்டாக வர வேண்டும். கூட்டினேன்.

நூற்று நாற்பத்தொன்று.

மூன்று பேரும் திரையையே பார்த்தோம். பாரம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. நான் 1 என்று எழுதியது 7. அடுத்த குப்பியைப் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு, கூட்டினேன், நூற்று முப்பத்தெட்டு. நான் 7 என்று, நடுவில் கோடெல்லாம் போட்டு எழுதியது 1.

மேசைக்கு மறுபக்கம் போய் நின்று துடைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே நின்றால் இடது வலது, வலது இடது. இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில், "கழுத, கழுத, உனக்கு ஞாபகம் ஒரு கேடு!" என்று தலையில் அடித்துக்கொண்டேன், சேர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் முதலில் வாயைப் பொத்தினாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தால், கண்ணில் நீர் வழிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சேரும் சிரித்துவிட்டார். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கதிரையில் உட்கார வேண்டியதாயிற்று. பக்டீரியாவுக்குக் கஃபீன் ஊற்றும்போது மணி இரண்டு. பத்து மணி இரண்டானதைத் தவிர ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் அன்று மாலை பஸ்ஸில் அவள் மறுபடி அமைதியாகிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வேலை விஷயம் தவிர அதிகம் பேசவில்லை. சீட்டில் பை இருக்கும், ஆனால் கிண்டல் இல்லை. வேலைப் பயம் என்று ஒரு மனம் சொன்னது. அவள் கையெழுத்தைத் திருடி எழுதியவளை இனி எப்படி நம்புவாள் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவதுதான் சரி என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது. எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் கடைசி மாதிரியை மெஷினில் ஏற்றினோம். பக்டீரியா ஒரு மெதைலைக் கடித்த பிறகு மிச்சமிருப்பதன் நிறையைப் பார்க்க வேண்டும். பாரம் போயிருந்தால் நூற்றெண்பத்தொன்று, போகாவிட்டால் நூற்றெண்பத்து நான்கு. ஒன்றாம் இடத்துக் குப்பியிலிருந்து ஊற்றியதில் நூற்றெண்பத்தொன்று வந்தது, ஊசி போல ஒற்றைக் கோடு. ஏழாம் இடத்துக் குப்பியில் நூற்றெண்பத்து நான்கு. பக்டீரியா ஒன்றாம் இடத்தைத்தான் முதலில் கடிக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அவள் எழும்பிக் குதித்தாள். என்னைக் கட்டிப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டுத் திரையைத் திரும்பப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க உண்மையச் செல்லாம விட்டிருந்தா இது எப்பிடி வந்தீக்கும் தெரியுமா?"

"குழம்பி வந்திருக்கும்."

"இல்ல. இதே மாதிரி அழகா வந்தீக்கும். இதே ஒத்தக் கோடு. ஏழாம் எடத்தக் கடிக்குதுன்னு எழுதிக் குடுத்து, பட்டமும் வாங்கிட்டுப் போயிருப்பேன். ஒருத்தருக்கும் வெளங்கியிருக்காது."

அந்த ஒற்றைக் கோட்டை நான் இன்னொரு தடவை பார்த்தேன். அவள் அதற்குள் போனை எடுத்து வீட்டுக்கு அழைத்துவிட்டாள். அவளுடைய உம்மா தினமும் மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டு அழைப்பவர். அன்றைக்கு இவள் முந்திக்கொண்டாள். "உம்மா, சரி வந்துட்டு! அல்ஹம்துலில்லாஹ், சரி வந்துட்டு!" என்று கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் சத்தம் கேட்டது. பிறகு "உங்கள்ட்ட பேசணுமாம்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, சேரிடம் சொல்ல ஓடினாள்.

நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"அத விடுங்க புள்ள. நான் ஒண்டு செல்லணும் உங்களுக்கு. அந்தத் திங்கக்கெழம இவ ஊட்டுக்கு வந்து ஒரு மூலையில குந்திட்டா. என்ன மகள்ன்னு கேட்டேன். நடந்ததச் சென்னா. எனக்கி ஆத்திரம் வந்துட்டு, பொய் செல்லக் கூடாது. அப்ப இவ செல்றா: 'உம்மா, மூணு வருஷமா எனக்கி ஒரு பயம். எங்கயாச்சும் ஒண்டு பிழச்சி, அது எனக்கித் தெரியாமப் போயிருமோண்டு. இன்டைக்கி அது போயிட்டு. பிழச்சா அக்கா வந்து செல்லுவாங்க.' செல்லிட்டு வாரம் முழுக்க எழுத்தும் படிப்பும்தான், சாப்பிடக் கூப்பிட்டாலும் வாய் தொறக்கல்ல. உங்களுக்கிட்ட இதச் சென்னாளா?"

சொல்லவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நின்றேன்.

"ஹலோ? புள்ள? லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.